வலது டாங்கிக்குத் திருப்பிய கை

எழுபதுகளின் கடைசியில் சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். தனியாகப் பறக்க அனுமதி கிடைத்த சில வாரங்களில், ஒரு மே மாதக் காலையில், பயிற்சிப் பாதையை விட்டு விலகிச் சொந்த ஊரான காவாந்தண்டலத்தின் மேல் வட்டமடித்தேன். எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை தெரிந்தது. களத்தில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று நேரம் போனதே தெரியவில்லை.

அந்தச் சின்ன விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டாங்கிகள். இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்க முடியாது. ஒன்று தீர்ந்தால் பம்ப் அதிலிருந்து காற்றை உறிஞ்சிவிடும் என்று அப்படி அமைத்திருந்தார்கள். இருக்கைகளுக்கு நடுவே தரையில் ஒரு பிடி இருக்கும். அரை மணிக்கொரு தரம் அதை இடது, வலது என்று மாற்றித் திருப்ப வேண்டும். நான் மறந்துபோனேன்.

உத்திரமேரூர் ஏரிக்கு மேல் எஞ்சின் இருமுறை விக்கிவிட்டு நின்றது. உடனே பிடியைத் திருப்பி, மின்சார பம்ப்பைப் போட்டிருக்க வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். காற்றின் சீறலைத் தவிர வேறு சத்தமில்லை. வறண்டு கிடந்த ஏரிக்குள் தடதடவென்று இறங்கி, கருவேல மரங்களுக்குச் சற்று முன்னால் நின்றேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு நடுவயது அம்மாள் அருகே வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

“இன்னொருத்தரு எங்க நைனா?”

நான் ஒருவன்தான் வந்தேன் என்றேன்.

“எறங்கசொல்ல ரெண்டு பேரு குந்திக்கினு இருந்தீங்க. உன் பக்கத்துல இருந்தவரு கீழ குனிஞ்சாரு. அப்புறம் நிமிரவே இல்ல.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். பிடி வலது பக்கம் திரும்பியிருந்தது.

மதியம் பயிற்சியாளர் ஜீப்பில் வந்தார். இடது டாங்கி காய்ந்து கிடந்தது. வலது டாங்கி ஏறக்குறைய நிறைந்திருந்தது. பம்ப்பைப் போட்டதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. கடைசி நொடியில் நானேதான் பிடியைத் திருப்பியிருப்பேன், பயத்தில் நினைவில்லை, குழாயில் பெட்ரோல் வந்து சேர்வதற்குள் தரை வந்துவிட்டது என்றார் அவர். நியாயமான விளக்கம்தான். அந்த அம்மாள் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை.

திரும்பும்போது விமானத்தை அவர் ஓட்டினார். வலது பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன்பின் இரண்டு மாதம் என்னைத் தனியாகப் பறக்க விடவில்லை. நானும் கேட்கவில்லை.