பாஸ்போர்ட்டைக் கொடுத்த கை

கோவை விமான நிலையத்தில், வெளிநாடு கிளம்பிய மகளின் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி மருமகனிடம் கொடுத்தவன் நான்தான். "இவ தொலைச்சுப்போடுவா, நீங்களே வெச்சுக்குங்க மாப்ள" என்றேன்.

எட்டு மாதம் கழித்து, உதடு கிழிந்த முகத்தோடு வீடியோவில் வந்தாள். பதறிப்போய், "உடனே ஊட்டுக்கு வந்துரு கண்ணு" என்றேன்.

"பாஸ்போர்ட்டப் பூட்டி வெச்சிருக்கறாருங்கப்பா. நீங்கதானுங்க குடுத்தீங்க."



அங்குள்ள நம் தூதரகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் அதிகாரி, "அடிச்சது மட்டுமில்லைங்க, பாஸ்போர்ட்டைப் பூட்டி வெச்சதும் குற்றம். உங்க பொண்ணை நேரா போலீசுக்குப் போகச் சொல்லுங்க. புதுப் பாஸ்போர்ட் நாங்க தர்றோம்" என்றார்.

போலீசில் புகார் கொடுத்துவிட்டு, புதுப் பாஸ்போர்ட்டோடு மகள் கோவையில் வந்து இறங்கினாள். பழக்கதோஷத்தில் அவள் கையிலிருந்த பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டினேன்.

"நானே வெச்சுக்கறனுங்கப்பா" என்றாள்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.