அப்பாவின் ஜாடை

அப்பாவின் முகத்தை வாங்கிப் பிறந்தவன் அப்பாவின் சாவையும் சேர்த்து வாங்கிவிடுகிறானா? லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்தார். அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தவர். மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்த இவருக்குத்தான் அதே அகன்ற நெற்றி, அதே கோணல் சிரிப்பு. "அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்று பெருமையாகச் சொல்லிவந்த அத்தை, அந்தச் சாவுக்குப் பிறகு அதையே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருஷம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

ஆனால் நோய் முதலில் அண்ணனுக்கு வந்தது. அறுவை சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். அவர் ரத்தத்தைச் சோதித்தபோது, பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றம்தான் காரணம் என்று தெரிந்தது. உடன்பிறந்தவர்களையும் வரச் சொன்னார்கள். மெக்கானிக் கிளம்பினார். துணி திருத்தும் கடை வைத்திருந்த தங்கை, துணைக்கு என்று கூடப் போனாள்.

மரபணு ஆலோசகர் ஒரு நடுவயதுப் பெண். ஒரு தாளில் குடும்பத்து ஆண்களைக் கட்டமாகவும் பெண்களை வட்டமாகவும் வரைந்து, யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று அவசரமில்லாமல் கேட்டு எழுதினார். தங்கையின் வட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"நீங்களும் ரத்தம் கொடுக்கறீங்களா?"

"நானா மேடம்? நான் எங்கம்மா ஜாடை. இந்த அண்ணன்தான் அப்பா மாதிரி."

"மூக்கும் முழியும் வேற கணக்கு. இது யாருக்கு வந்திருக்குன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேண்டாம்னாலும் சரி, அது உங்க விருப்பம். ஆனா ஜாடையை நம்பி வேண்டாம்னு சொல்லாதீங்க."

தங்கை கையை நீட்டினாள்.

நான்கு வாரம் கழித்து, அதே அறையில் முடிவைச் சொன்னார்கள். மெக்கானிக்கிடம் அந்த மாற்றம் இல்லை. தங்கையிடம் இருந்தது.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தியாண்ணே, இத்தனை வருஷமா உன் மூஞ்சி மேல வீண்பழி."

"சும்மா இரு."

"இருபது வருஷம் நீயே பயந்துட்ட. இனிமே என் முறை, விட்டுக்கொடு."

நோய் வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, இனி காத்திருக்காமல் தேடிப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம் என்றார் ஆலோசகர். அந்த மாதமே குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள். இரண்டு சிறு கட்டிகள். ஒன்று புற்றாக மாறும் தறுவாயில் இருந்தது. இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகளாகத் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

நல்ல மனுஷி என்று யாரையும் சட்டென்று சொல்லிவிட முடியாது. தன் வேலையைத்தான் செய்தேன் என்று அந்த ஆலோசகரே சொல்வார். ஆனாலும் அந்தப் பேனா அன்று நிற்காமல் போயிருந்தால் தங்கை துணைக்கு வந்தவளாகவே வீடு திரும்பியிருப்பாள். அந்த வீட்டில் அவர் பேச்சு வரும்போதெல்லாம் குரல்கள் கனிந்துவிடுகின்றன.

லிஃப்ட் கம்பெனியில் மருத்துவமனை வேலையை யாரும் விரும்பி எடுப்பதில்லை. ஒரு லிஃப்டை நிறுத்த நாலு வார்டில் அனுமதி கேட்க வேண்டும்; வெளியே ஸ்ட்ரெச்சர் காத்துக்கொண்டிருக்கும். தங்கைக்குக் கட்டிகளை எடுத்த மறுவாரம், ஆலோசகர் இருந்த மருத்துவமனையின் வேலையை மெக்கானிக் கேட்டு வாங்கினார். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டார், தங்கையும் கேட்டுப் பார்த்தாள். அவர் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.