சுத்தமாகக் கொடுக்க நினைத்தவர்

பேருந்து ஓட்டுநருக்கு வீட்டில் வைத்த பெயர் கடிகாரம். காலையில் கழிப்பறைக்குப் போவதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. வெளியே நிற்கும் பிள்ளைகள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோவார்கள். அந்த வயிற்றுக்கும் ஒருநாள் மவுசு வரும் என்று யார் கண்டார்கள்?

அவருடைய அண்ணி நோயில் படுத்துவிட்டார். நெஞ்சுச் சளிக்கு அடுக்கடுக்காகக் கொடுத்த கிருமிக்கொல்லி மாத்திரைகள் சளியை விரட்டின. கையோடு வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்துவிட்டன. நின்ற பாடில்லை. தாயில்லாத வீட்டுக்கு மருமகளாக வந்து, சின்னப் பையனாக இருந்த இந்தக் கொழுந்தனுக்குச் சோறூட்டி வளர்த்தவர் அவர். கை கழுவாமல் தட்டைத் தொட்டால் புறங்கையில் ஒன்று வைப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது எழுந்து நிற்கவே ஆள் தேவைப்பட்டது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குடலின் உட்சுவரில் வழவழவென்று ஒரு சளிப்பூச்சு இருக்கிறதாம். கிருமிகளைச் சுவரில் ஒட்டவிடாமல் காப்பது அதுதான். அதன் மேல்புறத்தில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருந்துகொண்டு கெட்டவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. மாத்திரைகள் அந்த நல்லவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டன. காலி வீட்டில் ஒரு பொல்லாத கிருமி புகுந்துவிட்டது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைப் பக்குவப்படுத்தி அண்ணியின் குடலுக்குள் செலுத்த வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் செய்த பரிசோதனைகளில் தேறியவர் ஓட்டுநர் மட்டும்தான்.

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செத்தாலும் சரி, அந்த அசிங்கம் தன் வயிற்றுக்குள் வரக்கூடாது என்றார். அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். ம்ஹும்.

ஓட்டுநர் மனம் தளரவில்லை, அண்ணி எப்படியும் சம்மதித்துவிடுவார் என்று நம்பினார். கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய தினம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொலைதூரப் பயணம் என்றால் பேருந்தை உள்ளும் புறமும் கழுவாமல் எடுக்கமாட்டார். அண்ணிக்குப் போகிற பொருள் மட்டும் அழுக்காகவா போவது? கடையில் பேதி மாத்திரை வாங்கி விழுங்கினார். வயிறு துடைத்துவைத்த மாதிரி ஆனது.

மறுநாள் மருத்துவமனையில் கொடுத்த டப்பாவோடு உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் வெறும் டப்பாவோடு வெளியே வந்து உண்மையைச் சொன்னார். எதைக் கேட்டோமோ அதையே கழுவி ஊற்றிவிட்டு வந்து நிற்கிறீர்களே என்று மருத்துவர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். ஓட்டுநரின் வயிறு பழையபடி ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அண்ணியின் உடம்பு தாங்குமா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

அத்தனை பெரிய மனிதர் கட்டிலருகே வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எதுக்குடா அந்த மாத்திரையப் போட்ட?" என்றார் அண்ணி.

"உங்களுக்குத்தான் அசிங்கம் ஆகாதே அண்ணி. சுத்தமா குடுக்கணும்னு நெனச்சேன்."

 அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; சிரிக்கத் தெம்பில்லாமல் கண்ணில் நீர் வழிந்தது. எலும்பாகிப்போன கையை நீட்டி அவர் கன்னத்தைத் துடைத்தார்.

"போய் வயிறார சாப்பிடு. நீ எப்படிக் குடுத்தாலும் வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நான் எங்கேயும் போயிடமாட்டேன்."

சொன்ன சொல்லை அண்ணி காப்பாற்றினார்.