வாழைத்தண்டும் மாமன் மடியும்

புராஸ்டேட் சுரப்பியில் இருந்த கல்லை வாழைத்தண்டுச் சாறு குடித்துக் கரைக்கப் பார்த்த முட்டாள் நான். அதுவும், கரையாது என்று டாக்டர் சொன்ன பிறகு.

ஐம்பதைத் தாண்டியதும் என் நிலைமை தெருக்குழாய் மாதிரி ஆகிவிட்டது. அவசரமாகக் கூப்பிடும், போய் நின்றால் நூல் மாதிரி வரும், முடிந்தது என்று திரும்பினால் முடிந்திருக்காது. கோயமுத்தூரில் எந்தத் துணிக்கடையில் எந்த மாடியில் கழிவறை என்று என்னைக் கேட்டால் போதும். ஸ்கேன் எடுத்ததில் சுரப்பி வீங்கியிருப்பதும், அதற்குள் பொடிப்பொடியாய்க் கல் இருப்பதும் தெரிந்தது.

“கல்லு அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க. நெறைய ஆம்பளைகளுக்கு இருக்கும், இருக்கறதே தெரியாது. உங்க தொந்தரவு வீக்கத்தாலதான். மாத்திரை தர்றேன். கிட்னிக் கல்லுன்னு நெனச்சு வாழைத்தண்டு, கீழைத்தண்டுன்னு ஆரம்பிச்சுராதீங்க” என்றார் டாக்டர்.

படித்தவன் டாக்டர் சொன்னதைக் கேட்பான். நிறையப் படித்தவன், நன்றாகத் தலையாட்டிவிட்டு, வருகிற வழியில் உழவர் சந்தையில் வண்டியை நிறுத்தி வாழைத்தண்டு வாங்குவான். கல் என்றால் வாழைத்தண்டு. இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது? மாத்திரை அட்டையைப் பிரிக்கவே இல்லை.

இப்படிக் கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கச்சி பையனுக்குக் காங்கேயத்துப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வந்தது. என்னைவிடப் பதினாறு வயது சின்னவள் அவள். கூடப் பிறந்த ஒரே அண்ணன் நான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். புதுப் பட்டு வேட்டி. விசேஷ நாளிலும் வைத்தியம் தவறக்கூடாதென்று ஒரு சொம்புச் சாறு குடித்துப்போட்டுத்தான் கிளம்பினேன்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பையனை மடியில் வாங்கி உட்கார்ந்ததுமே உள்ளே அழைப்பு வந்துவிட்டது. ஆசாரியோ ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எழுந்தால் அந்த இடத்தில் உட்காரச் சித்தப்பா மகன் வேட்டியைச் சரிசெய்தபடி தயாராக நின்றான். எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வறண்டுபோனதையெல்லாம் நினைத்துக்கொண்டேன்: பல்லடம் ரோடு, பங்குனி வெயில், கோடை காலத்து நொய்யல் ஆறு.

ஆசாரி குத்தியது பையன் காதில். பையன் உதைத்தது என் அடிவயிற்றில்.

வேட்டியில் ஈரம் பரவியதை முதலில் பார்த்தது எங்கள் அத்தை. “அடடா, பையன் மாமனுக்கு அபிஷேகமே பண்ணிப்போட்டானே! யோகந்தான் போ!”

கூட்டம் சிரித்தது. “கொழந்தைதானுங்களே” என்று நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். ஒரு வயது நிரபராதி, காது வலியில், மறுத்துப் பேசும் நிலையில் இல்லை.

அவனைத் தூக்க வந்த தங்கச்சி என் பக்கம் குனிந்தாள்.

“பையனுக்கு டயபர் போட்டுத்தானுங்ணா குடுத்தேன். பையில இன்னொண்ணு இருக்குது, உங்களுக்கு எடுத்தாரட்டுங்களா?”