கால் ஒடிந்த உழவாரன்

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுகிறவருக்கு உலகத்தில் இரண்டே வகைதான்: ஒடிந்தது, ஒடியப்போவது. தெருவில் யாராவது தடுக்கி விழுந்தால் மற்றவர்கள் ‘ஐயோ’ என்பார்கள். இவர் ‘எந்த எலும்பு?’ என்பார். நாற்காலியின் காலைக்கூடத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

மழை விட்ட ஒரு காலை, மொட்டைமாடியிலிருந்து மனைவி துண்டில் ஒரு பறவையை ஏந்திவந்தாள். கரிய உடல், அரிவாளாய் வளைந்த சிறகுகள். மேசையில் வைத்ததும் வயிறு பட அப்படியே படுத்துவிட்டது.

“நிக்கவே மாட்டேங்குதுங்க. எப்படியாவது காப்பாத்துங்க.”

“ரெண்டு காலும் போச்சு.”

“தொட்டுப் பாக்காமலேயா? நாற்காலிக்குக் கிடைக்கிற மரியாதைகூட இதுக்கு இல்லையா?”

அவர் தீக்குச்சிகளை நறுக்கினார், பஞ்சை உருட்டினார், கிண்ணத்தில் மாவைக் குழைத்தார். இது செத்துப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போதுதான் படகு ஓட்டும் மைத்துனன் உள்ளே வந்தான்.

“அட, உழவாரன்! எங்கேயோ வடக்கேருந்து வர்ற ஆளு, மாமா. காத்து திரும்புறப்ப நம்ம தீவு மேல கூட்டமாப் போகும். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல.”

“எப்படிடா உட்காரும்? அதான் கால் ஒடிஞ்சிருக்கே.”

“மொத்தக் கூட்டத்துக்குமா?”

குழைத்த கை நின்றது.

“இந்த மாவைப் பூசினா அது பறவை இல்ல மாமா, நங்கூரம்.”

மாவு இறுகத் தொடங்கியது. போட்டால் இப்போதே போட வேண்டும். கடைசியாக ஒருமுறை காலைப் பார்த்துவிடலாம் என்று பறவையை எடுத்து மார்போடு அணைத்தார்.

“ஆ!”

சட்டையைத் துளைத்துக்கொண்டு நகங்கள் தோலில் இறங்கின.

“பிடி இருக்கு! கால்ல நல்ல பிடி இருக்கும்மா!”

உழவாரன் சட்டையில் தொற்றித் தொற்றி ஏறியது. தோள், கழுத்து, பிறகு வழுக்கைத் தலை. நிற்பதற்கல்ல, பற்றுவதற்கான கால்கள் என்பது அவருக்கு ரத்தப் பொட்டுகளாக விளங்கியது.

“எடுத்துடவா?” என்றாள் மனைவி.

“தொடாதே! தரையிலேருந்து இதால எழும்ப முடியல, உயரத்துக்குக் கொண்டுபோறேன்.”

தளும்பும் குடத்தைச் சுமப்பவர்போலப் படியேறி, மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். பறவை தலையிலிருந்து கல்லாக விழுந்தது. மூவரும் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். மரக்கிளை உயரத்தில் சிறகுகள் விரிந்தன. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மேலே சுற்றிக்கொண்டிருந்த கூட்டத்தில் அது கலந்தது.

“எதுங்க நம்மளது?”

தெரியவில்லை. அவர் கூட்டம் முழுவதையும் பார்த்துக் கையாட்டினார்.

“அடுத்த வருஷம் வந்து காலைக் காட்டிட்டுப் போ!”