கை நனைக்க ஒருவர்

மலாக்காவில், செங் பகுதியில் நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர், "சுடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இங்கே அது வணக்கம் சொல்வது மாதிரி. வந்த புதிதில் நான் 'இல்லை' என்று சொல்லிவிட்டு நின்றேன். அவரும் திகைத்து நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு பாக்சிக். நம்மூரில் சித்தப்பா என்பது போல.

எங்கள் சபையார் கிறிஸ்துமஸ் அன்று அக்கம்பக்கத்தாருக்கு வீட்டைத் திறந்துவைப்பார்கள். யாரும் வரலாம், சாப்பிடலாம். கூச்சத்தில் தள்ளிப்போட்டு வந்த நான் போன கிறிஸ்துமஸில் துணிந்து பாக்சிக்கை அழைத்தேன். பிரியாணி போட்டேன். அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வந்தார். "ஆயாம் பெலி டி மானா?" கோழி எங்கே வாங்கினாய் என்றார். சீனர் கடையில், உயிரோடு பார்த்து வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னேன். வயிறு நிறைந்திருக்கிறது என்று சிரித்தார். தட்டைத் தொடவில்லை. ஓர் ஆரஞ்சுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு உடம்பு கூசியது. ஊரில் மேலத்தெருக்காரர்களுக்கு அம்மா கிறிஸ்துமஸ் பலகாரம் அனுப்ப மாட்டாள், வாழைப்பழமும் சீனியும்தான். எங்கள் கை சமைத்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதுவரை ஒரே பெஞ்சில் இருந்தவன்கூட எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. கடல் தாண்டியும் அதே பழம்தானா?

மறுநாள் தொழிற்சாலையில் வேலை ஓடவில்லை. கூட வேலை பார்க்கும், பக்கத்தில் பெம்பான் ஊரைச் சேர்ந்த தம்பி அந்தோணியிடம் சொன்னேன். இங்குள்ளவர்கள் மாதிரி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னண்ணே நீங்க! சீனன் கடைக் கோழிய வச்சா அவரு எப்படி லா சாப்பிடுவாரு? ஹலால் இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்ல வேணாம்னு பழத்த எடுத்திருக்காரு. நல்ல மனுசன் லா."

பன்றி ஆகாது என்று எனக்குத் தெரியும். கோழியில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஊரில் கோழி வெட்டுபவரே பாய்தான். கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

"அப்ப, என் கையால சமைச்சதுங்கிறதுக்காக இல்லையா?"

"ஒங்க கைக்கு என்னாண்ணே?" என்றான். இங்கேயே பிறந்தவன். அவனுக்குப் புரியவில்லை. 

அடுத்த ஞாயிறு மலாய்க்காரர் கடையில் கோழி வாங்கினேன். சட்டியும் தட்டும் புதியவை. அதைச் சொல்லி மறுபடி அழைத்தபோது, இவ்வளவு சிரமம் கொடுத்துவிட்டேனே என்பது போல பாக்சிக் முகம் சுருங்கியது. நெருக்கிவிட்டேனோ என்று பயந்தேன். வந்தார். கை கழுவினார். பிசைந்து சாப்பிட்டார். "தம்பா" என்று தட்டை நீட்டினார். இன்னும் போடு என்கிறார்! சட்டியையே அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் போனதும் மனைவியைக் கைபேசியில் முகம் பார்த்து அழைத்தேன்.

"நம்ம வீட்டுல இன்னிக்கி ஒருத்தர் சாப்பிட்டார்."

"நம்ம வீட்டுலயா? நான் இங்கதான இருக்கேன். யாருங்க வந்தா?"

திரையில், அவளுக்குப் பின்னால், என் சம்பளத்தில் கட்டிய வீட்டின் கூடம் தெரிந்தது. வருகிறவர்கள் உட்கார என்று வாங்கிப் போட்ட நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது.