பிய்த்தெடுத்த கீபோர்டு

காலையில் ஆபீஸ் லேப்டாப்பில் பால் கொட்டிய நாலு வயது மகளை அறைந்துவிட்டேன். பயத்தில்தான் அடித்தேனா, தெரியவில்லை. இப்போது ரிப்பேர்க் கடையில், அவள் என் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கடைக்காரர் பழைய கீபோர்டை நெம்ப, பிளாஸ்டிக் ஆணிகள் படபடவென்று உடைகின்றன.

சின்ன வயதில், தாராவி வீட்டில் இதே சத்தம். டைப்பிங் பரீட்சை எழுத அம்மா வாங்கிவந்த டைப்ரைட்டரை அப்பா அம்மிக்குழவியால் அடித்தார். "வேலைக்குப் போவியாட்டி? போவியா?" எழுத்துகள் பறந்து தண்ணீர் டிரம்மில் மோதின. தடுத்த அம்மாவின் விரல்கள்மேல் அடுத்த அடி விழுந்தது. சுவரில் ரத்தம் தெறித்தது. நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன். முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டே அம்மா, "ஒண்ணுமில்லட்டி, வெளிய வா" என்றாள்.

"டைப் கர்கே தேகோ, மேடம்." அடித்துப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். புதிய கீபோர்டு தயார்.

திரும்பினேன். மகள் பெஞ்சுக்கடியில் சுருண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லட்டி, வெளிய வா."

அவள் வரவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.